ஒரே காணொலியில் இருவர் வேலை செய்தால்...?

உங்கள் குழுப்பணிக் காணொலிக்குக் கடைசியாக என்ன பெயர் வைத்தீர்கள்? 'இறுதி' என்றா, 'இறுதி 2' என்றா, அல்லது 'உண்மையான இறுதி, இதை மட்டும் அனுப்பு' என்றா? வேடிக்கையாகத் தோன்றும் இந்தப் பெயர்களுக்குப் பின்னால் ஒரு பயம் இருக்கிறது. நான் வெட்டி ஒட்டியதை இன்னொருவர் அழித்துவிடுவாரோ, அவர் சேர்த்த எழுத்துகள் என் பிரதியில் இல்லாமல் போய்விடுமோ என்ற பயம்தான் அது.

கட்டுரை எழுதும்போது இந்தப் பயம் நமக்குப் பெரும்பாலும் இல்லை. கூகள் ஆவணத்தில் நான்கு பேர் ஒரே நேரத்தில் தட்டச்சு செய்யலாம். யார் எழுதியது எங்கே போனது என்று தேட வேண்டியதில்லை. ஆனால் அதே நான்கு பேர் ஒரு பத்து நிமிடக் காணொலியைச் சேர்ந்து தொகுக்க முயன்றால் தகராறு தொடங்கிவிடும்.

என் பெரியப்பா மகன், அதாவது எனக்கு அண்ணன், சுங்கை பட்டாணியில் திருமணங்களையும் தைப்பூசத்தையும் படம் எடுப்பவர். அவருக்குத் தொகுப்பு வேலை செய்து கொடுப்பவர் கூலிமில் இருக்கிறார். இந்தக் காலத்திலும் அண்ணன் வன்தட்டைப் பையில் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில்தான் கூலிமுக்குப் போகிறார். "ஏன் இணையத்தில் அனுப்பக்கூடாது?" என்று கேட்டேன். "அனுப்பலாம். வழியில் எதுவும் தொலையாது என்று நீ உத்தரவாதம் கொடு, நாளையிலிருந்தே அனுப்புகிறேன்" என்றார்.

கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் எனக்கு அந்தப் பதில் ஒரு பாடம்போல் அமைந்துவிட்டது. சேர்ந்து தொகுக்கும் மென்பொருளை உருவாக்கும் ஒரு சிறிய நிறுவனம் அண்ணனைப் போன்ற ஒருவருக்கு எப்படி உத்தரவாதம் கொடுக்க முடியும்? தேடிப் படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

கத்தரிக்கோலிலிருந்து கணினிக்கு

முன்பெல்லாம் திரைப்படத் தொகுப்பு என்றால் படச்சுருளை உண்மையாகவே வெட்டி ஒட்டுவதுதான். ஒரு சுருள், ஒரு மேசை, ஒரு தொகுப்பாளர். இருவர் ஒரே நேரத்தில் கைவைக்க வழியே இல்லை. 1987இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் பில் வார்னர் தொடங்கிய அவிட் நிறுவனம் இந்த வேலையைக் கணினித் திரைக்குக் கொண்டுவந்தது. அதன் முதல் தொகுப்புக் கருவி 1989இல் வெளிவந்தது.

அந்தக் கருவியைத் தமிழ்த் திரையுலகுக்குக் கொண்டுவந்ததும் ஒரு சிறிய குழுதான். ஜெயேந்திரா பஞ்சாபகேசனும் செந்தில்குமாரும் 1986இல் சென்னையில் ரியல் இமேஜ் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அவர்கள் வழியாக அவிட் இந்தியாவுக்கு வந்தது. 1994 பொங்கலுக்கு வெளிவந்த கமல்ஹாசனின் 'மகாநதி', அவிட் கருவியில் தொகுக்கப்பட்ட முதல் இந்தியப் படம் என்று அறியப்படுகிறது. பின்னர் இதே நிறுவனம், திரையரங்குகளில் படச்சுருள் இல்லாமல் படம் காட்டும் 'கியூப்' தொழில்நுட்பத்தையும் உருவாக்கியது.

இந்த மாற்றத்தால் வேகம் கூடியது உண்மைதான். ஆனால் அதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று உண்டு. கணினியில் நீங்கள் ஒரு காட்சியை வெட்டும்போது மூலப்படம் வெட்டப்படுவதே இல்லை. 'மூன்றாம் கோப்பில் 12ஆம் விநாடியிலிருந்து 17ஆம் விநாடிவரை எடு. அதற்குப் பிறகு ஏழாம் கோப்பில் முதல் நான்கு விநாடிகளை எடு' என்று ஒரு பட்டியல் மட்டும் எழுதப்படுகிறது. நீங்கள் கைப்பேசியில் பயன்படுத்தும் தொகுப்புச் செயலியும் இதைத்தான் செய்கிறது. மூலப்படம் எப்போதும் அப்படியே இருக்கும். மாறுவது பட்டியல்தான்.

படம் கனம், பட்டியல் இலேசு

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நல்ல தரமான 4கே காணொலி ஒன்று விநாடிக்கு 100 மெகாபிட் அளவில் பதிவாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆக, விநாடிக்கு 12.5 மெகாபைட், நிமிடத்துக்கு 750 மெகாபைட், ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிகாபைட். பதிவேற்றும் வேகம் விநாடிக்கு 10 மெகாபிட்டாக இருக்கும் வீட்டிலிருந்து இதை அனுப்பினால் 10 மணி நேரம் ஆகும். அண்ணனின் மோட்டார் சைக்கிள் இதைவிட வேகம்!

இப்போது அதே படத்தின் சிறிய மாதிரி ஒன்றைச் செய்வோம். விநாடிக்கு 5 மெகாபிட் போதும். முகங்களும் அசைவுகளும் தெரியும். வெட்டும் இடத்தை முடிவு செய்ய அவ்வளவு தெளிவே போதுமானது. ஒரு மணி நேரப் படம் 2.25 ஜிகாபைட்டாகச் சுருங்கிவிடும். அதே வீட்டிலிருந்து 30 நிமிடத்தில் போய்ச் சேரும். இந்த மாதிரியைத் தொகுப்பாளர்கள் 'பிராக்ஸி' என்பார்கள். கூலிமில் இருப்பவர் பிராக்ஸியை வைத்துத் தொகுக்கலாம். அவர் திருப்பி அனுப்ப வேண்டியது அந்தப் பட்டியல் மட்டுமே. அதன் அளவு சில பக்கக் கடிதம் போலத்தான். சுங்கை பட்டாணியில் இருக்கும் அண்ணனின் கணினி, அந்தப் பட்டியலைத் தன்னிடமுள்ள மூலப்படத்தில் பொருத்தி முழுத் தரத்தில் படத்தை உருவாக்கிவிடும்.

அப்படியானால் பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. ஒரே பட்டியலில் இருவர் எழுதத் தொடங்கும்போதுதான் உண்மையான சிக்கல் வருகிறது.

செக்ரோல் புத்தகமும் நிரையும்

என் பாட்டி பாடாங் செராய் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர். காலைப் பெரட்டில் கிராணியார் செக்ரோல் புத்தகத்தில் பேர் பதிவதைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். புத்தகம் ஒன்றுதான், எழுதுபவரும் ஒருவர்தான். அதனால் குழப்பம் இல்லை. ஆனால் மற்ற எல்லாரும் காத்திருக்க வேண்டும்.

சேர்ந்து தொகுப்பதற்கான முதல் வழியும் இதுதான். அதற்குப் பூட்டு முறை என்று பெயர். அவிட் கருவியைப் பகிர்ந்து பயன்படுத்தும்போது, காட்சிகளை வைத்திருக்கும் தொகுதியை ஒருவர் முதலில் திறந்தால் அவருக்குப் பச்சைப் பூட்டு தெரியும். அடுத்து வருபவருக்குச் சிவப்புப் பூட்டு தெரியும். அவர் பார்க்கலாம், மாற்ற முடியாது. பாதுகாப்பான முறைதான். ஆனால் பூட்டியவர் சாப்பிடப் போய்விட்டால் மற்றவர் வேலை நின்றுவிடும்.

இரண்டாவது வழி, மரம் வெட்டுவதைப் போன்றது. ஆளுக்கொரு நிரை. என் நிரையில் நான், உன் நிரையில் நீ. ஒரே நேரத்தில் நூறு பேர் வெட்டினாலும் மோதல் வராது. மென்பொருளிலும் வேலையைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்தால் இருவர் ஒரே துண்டைத் தொடும் வாய்ப்பு குறைந்துவிடும். வடிவமைப்பாளர்கள் பயன்படுத்தும் 'ஃபிக்மா' இப்படித்தான் செயல்படுகிறது. டிலன் ஃபீல்டும் இவான் வாலஸும் 2012இல் தொடங்கிய நிறுவனம் அது. ஒரே பெட்டியின் நிறத்தை நான் மாற்றி, அதன் அகலத்தை நீங்கள் மாற்றினால் இரண்டும் நிற்கும். இருவருமே நிறத்தை மாற்றினால்தான் மோதல். அப்போது வழங்கிக் கணினிக்குக் கடைசியாக வந்து சேர்ந்த மாற்றம் நிலைக்கும்.

ஆனால் காணொலியில் நிரைகள் தனித்தனியாக நிற்பதில்லை. ஒன்றை அசைத்தால் பின்னால் உள்ள எல்லாம் நகரும்.

கோலா கெடா படகில் ஒரு சோதனை

இப்படி வைத்துக்கொள்வோம். கவிதா என்றொரு மாணவி கோலா கெடா படகுத்துறையில் லங்காவிக்குப் படகு ஏறுகிறாள். நடுக்கடலில் அலைவரிசை போய்விடுகிறது. ஆனாலும் மடிக்கணினியில் ஒரு திருமணக் காணொலியைத் தொகுத்துக்கொண்டிருக்கிறாள். 10ஆம் விநாடியில் 5 விநாடி நீளமுள்ள ஒரு புதிய காட்சியை நுழைக்கிறாள். அதே நேரத்தில் அலோர் ஸ்டாரில் இருக்கும் அவள் நண்பன் குமரன், 40ஆம் விநாடியில் வரும் மணமக்கள் முகத்துக்கு அவர்கள் பெயரைச் சேர்க்கிறான். கவிதா படகைவிட்டு இறங்கியதும் இணையம் வருகிறது. இரண்டு மாற்றங்களும் ஒன்றுசேர வேண்டும்.

'40ஆம் விநாடியில் பெயர்' என்று மட்டும் மென்பொருள் குறித்து வைத்திருந்தால், பெயர் வேறு யார் முகத்தின் மீதோ விழும். ஏனென்றால் கவிதாவின் புதிய காட்சி வந்ததால் மணமக்கள் 45ஆம் விநாடிக்கு நகர்ந்துவிட்டார்கள்.

இதற்கு இரண்டு தீர்வுகள் உண்டு. முதலாவது, ஒருவருடைய மாற்றத்தைக் கணக்கில் எடுத்து மற்றவருடைய இடத்தைத் திருத்துவது. '40' என்று வந்ததை '45' என்று மாற்றிக்கொள்ள வேண்டும். 1989இல் எல்லிஸ், கிப்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் முன்வைத்த இந்த முறையின் வழித்தோன்றல்தான் கூகள் ஆவணத்தில் இயங்குகிறது. இரண்டாவது, விநாடிக் கணக்கையே விட்டுவிட்டு ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு நிரந்தர அடையாள எண் கொடுப்பது. அடையாள அட்டை போல. '40ஆம் விநாடியில்' என்பதற்குப் பதிலாக 'இந்த எண்ணுள்ள காட்சியின் மேல்' என்று பெயர் ஒட்டிக்கொள்ளும். காட்சி எங்கே நகர்ந்தாலும் பெயரும் கூடவே போகும். எந்த வரிசையில் மாற்றங்கள் வந்து சேர்ந்தாலும் எல்லாருடைய கணினியிலும் ஒரே முடிவு வரும்படி தரவுகளை அமைக்கும் முறையை, மார்க் ஷபீரோ உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2011இல் தெளிவாக வரையறுத்தார்கள்.

"யார் முதலில் மாற்றினார் என்று கடிகாரத்தைப் பார்த்தால் தெரியாதா?" என்று கேட்கலாம். தெரியாது. இரண்டு கணினிகளின் கடிகாரங்கள் சரியாக ஒத்துப்போகும் என்று நம்ப முடியாது. லெஸ்லி லாம்போர்ட் 1978இலேயே இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மணியைப் பார்க்காமல், 'எதைப் பார்த்த பிறகு எது நடந்தது' என்ற வரிசையைப் பின்தொடர வேண்டும் என்பது அவர் காட்டிய வழி. கணினி அறிவியலின் மிக உயரிய விருதான டூரிங் விருது அவருக்கு 2013ஆம் ஆண்டுக்குரியதாக வழங்கப்பட்டது. படிவம் 4, 5 மாணவர்களே, கணிதப் பாடத்தில் வரிசையும் தருக்கமும் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இது ஒரு பதில்.

எல்லாவற்றையும் செய்யாத ஒரு நிறுவனம்

2014இல் நியூயார்க்கில் எமரி வெல்ஸ், ஜான் டிரேவர் இருவரும் 'ஃபிரேம் ஐ.ஓ.' நிறுவனத்தைத் தொடங்கினார்கள். வெல்ஸ் அதற்குமுன் காணொலித் தொகுப்பு நிறுவனம் நடத்தியவர். வாடிக்கையாளர்கள் மின்னஞ்சலில், "அந்த இடத்தில் கொஞ்சம் குறைத்துவிடுங்கள்" என்று எழுதினால் எந்த இடம் என்று தேடுவதே ஒரு வேலையாக இருக்கும். இதைத் தீர்க்க, காணொலியின் குறிப்பிட்ட ஒரு சட்டகத்தின் மீதே கருத்தைப் பதியும் கருவியைச் செய்தார்கள்.

கவனியுங்கள்: அவர்கள் இருவர் சேர்ந்து தொகுக்கும் மென்பொருளைச் செய்யவில்லை. தொகுப்பை வேறு மென்பொருளுக்கு விட்டுவிட்டு, பார்த்துக் கருத்துச் சொல்வதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அந்தச் சிறிய வேலையை நம்பகமாகச் செய்தார்கள். 2021 ஆகஸ்டில் அடோபி நிறுவனம் அதை 127.5 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. முழுத் தொகுப்பையும் பலர் சேர்ந்து செய்யும் வசதி வேறு இடங்களில் வளர்ந்தது. 'டாவின்சி ரிசால்வ்' மென்பொருளின் 18ஆம் பதிப்பு 2022இல் வந்தபோது, வெவ்வேறு ஊர்களில் இருப்பவர்கள் மேகக் கணிமை வழியாக ஒரே திட்டத்தில் வேலை செய்ய முடிந்தது.

நம்பகம் என்றால் என்ன?

இனி அண்ணன் கேட்ட உத்தரவாதத்துக்கு வருவோம். 1998இல் பிக்சார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' படம் தயாராகிக்கொண்டிருந்தது. யாரோ தவறுதலாகக் கொடுத்த ஓர் அழிப்புக் கட்டளையால் படத்தின் கோப்புகளில் பெரும்பகுதி மறைந்துபோனது. காப்புப் பிரதியை எடுக்கப் போனால், அது சில காலமாகவே ஒழுங்காகப் பதிவாகவில்லை என்று தெரிந்தது. குழுவில் இருந்த கேலின் சூஸ்மன், குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்து வேலை செய்துகொண்டிருந்தார். அவர் வீட்டுக் கணினியில் இருந்த பிரதிதான் கைகொடுத்தது.

அந்த நிறுவனத்தில் காப்புப் பிரதி ஏற்பாடு இருக்கத்தான் செய்தது. அதிலிருந்து படத்தை மீட்க முடிகிறதா என்று யாரும் முன்கூட்டியே சோதித்துப் பார்க்கவில்லை. நம்பகமான மென்பொருளைச் செய்ய நினைக்கும் குழு, புதிய வசதிகளைச் சேர்ப்பதற்குமுன் இத்தகைய சோதனைகளைச் செய்ய வேண்டும். முக்கியமானவை என்று எனக்குப் படுபவை இவை:

முதலாவது, இணையத்தைப் பாதியில் அறுத்துப் பார்ப்பது. 2 ஜிகாபைட் கோப்பில் 1.9 ஜிகாபைட் போனபின் இடி மின்னலில் மோடம் அணைந்தால், மீதியை மட்டும் அனுப்ப வேண்டும், முதலிலிருந்து தொடங்கக்கூடாது. கோப்பைச் சிறு துண்டுகளாக அனுப்பினால் இது முடியும்.

இரண்டாவது, போய்ச் சேர்ந்தது அனுப்பியதுதானா என்று சரிபார்ப்பது. ஒவ்வொரு கோப்புக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்தே ஒரு கைரேகை எண்ணைக் கணக்கிடலாம். ஒரு பிட் மாறினாலும் எண் மாறிவிடும். இரு பக்கமும் எண் ஒத்தால்தான் 'வந்துவிட்டது' என்று சொல்ல வேண்டும்.

மூன்றாவது, 'செயல் நீக்கு' பொத்தான். தனியாக வேலை செய்யும்போது அது கடைசி மாற்றத்தை நீக்கும். நால்வர் சேர்ந்து வேலை செய்யும்போது? நான் அழுத்தினால் என்னுடைய கடைசி மாற்றம்தான் போக வேண்டும், உங்களுடையது போகக்கூடாது. கேட்க எளிது, செய்வது கடினம்.

நான்காவது, மோதலில் தோற்ற மாற்றத்தை மறைக்காமல் இருப்பது. பாட்டின் ஒலியை நான் குறைத்து நீங்கள் கூட்டினால் ஒன்றுதான் நிற்கும். நிற்காததை வரலாற்றில் வைத்திருக்க வேண்டும். அதை எனக்குச் சொல்லவும் வேண்டும். சொல்லாமல் அழிப்பதுதான் நம்பிக்கையைக் கெடுக்கும்.

விளம்பரங்களில் '99.9 விழுக்காடு நம்பகம்' என்று பார்த்திருப்பீர்கள். 30 நாள் மாதத்தில் 43,200 நிமிடங்கள். அதில் 0.1 விழுக்காடு என்றால் 43 நிமிடங்கள். அந்த 43 நிமிடம் பரீட்சைப் படைப்பை ஒப்படைக்கும் இரவில் வந்தால் மீதி 99.9 விழுக்காட்டால் நமக்கு என்ன பயன்? எனவே சேவை நின்றாலும் நம் கணினியில் வேலை நிற்காத மென்பொருள்தான் நமக்குத் தேவை.

நமக்கு இதில் என்ன இருக்கிறது?

கெடாவில் படித்துவிட்டு வேலைக்காகக் கோலாலம்பூர், பினாங்கு, சிங்கப்பூர் என்று போகும் அண்ணன்களும் அக்காள்களும் நம் ஒவ்வொரு குடும்பத்திலும் இருக்கிறார்கள். காணொலித் தொகுப்பு, ஒலி, வரைகலை ஆகியவை எந்த ஊரில் இருந்தும் செய்யக்கூடிய தொழில்கள். ஆனால் கருவிகள் எப்போதும் வேகமான இணையத்தை எதிர்பார்த்தால், தோட்டத்து ஓரத்திலும் மீன்பிடிக் கிராமத்திலும் இருப்பவர் போட்டிக்கு வெளியே நிற்பார். தொலைந்துபோன ஒரு தொகுப்பு அவருக்கு இழந்த மதிப்பெண்ணாகவோ கைவிட்டுப் போன வாடிக்கையாளராகவோ ஆகிவிடும்.

இதையே மறுபக்கமாகவும் பார்க்கலாம். அலைவரிசை அறுந்து அறுந்து வரும் இடத்தில் வளர்ந்தவருக்கு, இணையம் இல்லாத அந்த நேரத்தில் மென்பொருள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது அனுபவத்தில் தெரியும். வேகமான அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர் அதைக் கற்பனைதான் செய்ய வேண்டும். தனக்கு இருந்த தேவையிலிருந்து தொடங்கியவர்தான் எமரி வெல்ஸ். நம் நாட்டு முத்து நெடுமாறன் 1980களில் 'முரசு அஞ்சல்' மென்பொருளைத் தொடங்கியதும் கணினியில் தமிழ் வேண்டும் என்ற தேவையிலிருந்துதான். அவர் வடிவமைத்த 'இணைமதி' எழுத்துரு இன்று ஆப்பிள் கணினிகளில் உள்ளது. 1996இல் திறக்கப்பட்ட கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவில் நம் உறவினர் பலர் ஷிப்ட் வேலை செய்கிறார்கள். ஒரு குறைபாடுள்ள சில்லு வெளியே போகாதபடி எத்தனை முறை சோதிக்கிறார்கள் என்று அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். மென்பொருளுக்கும் அதே பொறுமைதான் வேண்டும்.

அடுத்த பள்ளி விடுமுறையில் ஒரு சிறு முயற்சி செய்யலாம். காணொலியெல்லாம் வேண்டாம். காட்சியின் பெயர், தொடங்கும் விநாடி, முடியும் விநாடி என்று மூன்று கட்டங்கள் உள்ள ஒரு பட்டியலை இரண்டு கைப்பேசிகள் பகிரும்படி ஒரு சிறிய நிரல் எழுதுங்கள். பைத்தானோ ஜாவாஸ்கிரிப்டோ, தெரிந்த மொழி போதும். பிறகு இரண்டு கைப்பேசிகளையும் விமானப் பயண நிலைக்கு மாற்றி, ஆளுக்கு ஐந்து மாற்றங்கள் செய்யுங்கள். மீண்டும் இணைத்துப் பாருங்கள். பத்து மாற்றங்களும் இரண்டு திரையிலும் ஒரே மாதிரி இருக்கின்றனவா?

முதல் முறை இருக்காது. ஏன் இல்லை என்று நண்பரோடு உட்கார்ந்து கண்டுபிடியுங்கள். நானும் என் வகுப்புத் தோழர்கள் இருவரும் இப்போது அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறோம். பத்தில் எட்டு வந்துவிட்டது. பத்தும் வந்த பிறகு அண்ணனிடம் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறோம். அதுவரை அவர் மோட்டார் சைக்கிளை விற்கப் போவதில்லையாம்.